தோற்றவனின் காது

"நம்பர் பொய் சொல்லாது மச்சான். காதுதான் பொய் சொல்லும்."

கூடப்பிறந்த ராத்தாவின் வீட்டில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, அவள் கணவரைப் பார்த்தே இப்படிச் சொன்னான் றிப்னாஸ். கட்டாரிலிருந்து லீவில் வந்த கையோடு தொடங்கிவிட்டான்.

இஸ்ஹாக் சிரித்தார். கற்பிட்டிக் கடலில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் கூட்டிப்போவது அவர் தொழில். ஆனாலும் ஊரில் அவருக்குப் பெயர் 'காது இஸ்ஹாக்'. யார் புதிதாக அம்ப்ளிபயர், ஸ்பீக்கர் வாங்கினாலும் முதலில் அவர் கேட்டுத் தலையாட்ட வேண்டும்.

ஹோலில் இருந்தது அவரே பொருத்திய பழைய அம்ப். பாண் பெட்டி அளவு பெரிது. பக்கத்தில் றிப்னாஸ் கொண்டுவந்த புதியது, சவர்க்காரக் கட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.

"புரியாணியத் தராசுல வெச்சா ருசி பார்க்கிற?" என்றார் இஸ்ஹாக்.

பக்கத்து வீட்டு ஹுனைஸ் தொடையில் தட்டிச் சிரித்தான். ஓரிடத்தில் கேட்ட கதையை இன்னோரிடத்தில் இறக்கி வைக்காவிட்டால் அவனுக்கு ராத்திரிச் சோறு இறங்காது.

றிப்னாஸ் விடவில்லை. லெப்டொப்பையும் சத்தம் அளக்கும் மீட்டரையும் எடுத்து வைத்து, அம்ப்பில் ஒரு சோதனைச் சத்தத்தை ஓட விட்டான். உறுமலாகத் தொடங்கிய சத்தம் ஏறி ஏறிக் கடைசியில் ஊசிபோல ஒரு விசில் ஆனது.

"அல்லாஹ்வே!" என்று ஹுனைஸ் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.

இஸ்ஹாக் பிளேன்டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

றிப்னாஸ் அவரை ஒருதரம் பார்த்தான். சத்தத்தை நிறுத்தினான்.

"உங்கட அம்ப்ல பாட்டுல இல்லாத சத்தமெல்லாம் கலக்குது மச்சான். புதுசு துப்புரவா இருக்கு. மீட்டருக்குத்தான் அது தெரியும். சாதாரண மனுஷன்ட காதுக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"என்ட காதுக்கு விளங்கும்."

"அப்ப மறைச்சி வெச்சிக் கேப்பமா? நீங்களும் சொல்லுங்க, நானும் சொல்றேன். தோத்தவன் புத்தளம் போய் டொக்டர்ட்ட காதக் காட்டணும்."

குசினி வாசலில் நின்ற றுக்கியா, கழுவிய கோப்பையைக் கீழே வைத்துவிட்டு ஹோலை எட்டிப் பார்த்தாள்.

படகு எஞ்சினின் இரைச்சலில் கணவரின் காது மந்தமாகிவிட்டது அவளுக்கு மட்டும்தான் தெரியும். பள்ளியில் பாங்கு சொன்னால்கூட இப்போதெல்லாம் அவள்தான் அவருக்குச் சொல்கிறாள். டொக்டரிடம் போவோம் என்றால், "என்ட காதுக்கு என்ன வந்த?" என்று பாய்வார். இன்றைக்கு ஹுனைஸுக்கு முன்னால் தோற்றால் அஸர் தொழுகைக்கு முன்பே ஊருக்கெல்லாம் தெரிந்துவிடும். மனிதர் உடைந்துபோவார்.

தம்பி மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டாருக்குப் போனால் மரியாதையுமா மறந்துபோகும்?

"மாத்தி மாத்திப் போடுறது நான்" என்று முன்னால் வந்தாள்.

இரண்டு அம்ப்புக்கும் முன்னால் ஒரு படுக்கை விரிப்பைக் கட்டினார்கள்; றுக்கியா அதற்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். மீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் ஒரே அளவாக்கினான் றிப்னாஸ். றபான் அடித்துப் பாடுகிற பாட்டு ஒன்று தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பதில் சொன்ன பிறகு, ஹுனைஸ் விரிப்பின் மூலையைத் தூக்கி எது பாடுகிறதென்று பார்ப்பதாக ஏற்பாடு.

முதலில் இஸ்ஹாக்.

விரிப்புக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி இருந்தது. இஸ்ஹாக்கின் கதிரையிலிருந்து பார்த்தால் மட்டும் தெரியும். பழைய அம்ப் பாடியபோது அங்கே றுக்கியாவின் கால் பெருவிரல் எட்டிப் பார்த்தது. புதியது பாடியபோது உள்ளே போய்விட்டது. இத்தனை வருடம் குடும்பம் நடத்தினவருக்கு அது போதாதா? இஸ்ஹாக் தலையைத் தாழ்த்திக் கண்ணை அரைவாசி மூடிக்கொண்டார்.

"இது நம்மட சாமான்."

"சரி!" என்றான் ஹுனைஸ்.

"இது சவர்க்காரக் கட்டி."

"சரி!"

பத்துக்குப் பத்தும் சரி. "மாஷா அல்லாஹ், இதெல்லோ காது!" என்று ஹுனைஸ் எழும்பியே விட்டான்.

அடுத்தது றிப்னாஸ். இப்போது பெருவிரல் வெளியே வரவில்லை. அவனும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டான்.

"பழசு."

"பிழை!"

"புதுசு."

"பிழை!"

பத்துக்குப் பத்தும் பிழை. ஹுனைஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மீட்டர்காரர்ட காதுதான் செவிடு!"

"தோத்துட்டேன் மச்சான்" என்று தலையைச் சொறிந்தான் றிப்னாஸ். "திங்கக்கிழம டொக்டர்ட்ட போறேன். தனியப் போகப் பயமா இருக்கு. நீங்களும் வாங்களேன். முதல்ல உங்கட காதப் பார்க்கட்டும். நல்ல காது எப்பிடி இருக்குமெண்டு டொக்டருக்கும் தெரியட்டும்."

இஸ்ஹாக்குக்கு முகமெல்லாம் பல். "சரி, வாரேன். உன்ட காதையும் ஒரு வழி பண்ணத்தானே வேணும்."

கேற்றடியில் பைக்கை எடுத்த தம்பியைப் பின்னாலேயே வந்து பிடித்தாள் றுக்கியா. கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"வாய் மட்டும் பெரிசு. கண்ணமூடிக்கிட்டு வாய்க்கு வந்ததச் சொன்னாலும் பாதியாவது சரி வந்திருக்குமேடா!"

"அந்த விசிலுக்கு ஹுனைஸ் காதப் பொத்தினான் ராத்தா. மச்சான் டீ குடிச்சிட்டிருந்தாரு."

றுக்கியா அவன் தோளில் கை வைத்தாள். கண் நிறைந்துவிட்டது.

பைக்கை உதைத்துவிட்டுத் திரும்பிச் சிரித்தான் றிப்னாஸ்.

"பத்தையும் பிழையாச் சொல்றதுக்கும் நல்ல காது வேணும்தானே ராத்தா."