ஒரு சீப்பு வாழைப்பழம்

"எதுக்கும்மா இத்தனை வாழைப்பழம்? வழியில கடை போடப் போறீங்களா?"

டோனா நிமிர்ந்து பார்த்தாள். எதிரில் நின்றவருக்கு அறுபது வயது இருக்கும். தொப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றது பளீரென்ற மஞ்சள் பனியன். ஒரு கையில் பீர், இன்னொரு கையில் சைக்கிள்.

லண்டன் ஃபீல்ட்ஸ் பூங்காவில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் சைக்கிள். சனிக்கிழமை சாயங்காலம். ஜூலை மாதம் என்பதால் எட்டு மணி ஆகியும் வெளிச்சம் போகவில்லை. இருட்டத் தொடங்கும்போது கிளம்பி ராத்திரி முழுக்க மிதித்தால், விடியும்போது டன்விச் கடற்கரை.

"பசிக்கும்னு சொன்னாங்க," என்றாள் டோனா. "எனக்கு இதுதான் முதல் தடவை."

"பாத்தாலே தெரியுது. என் பேரு கிளைவ். பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு, ஒரு வருஷம்கூட டன்விச்சை நான் விட்டதில்ல. கேட்டுக்குங்க, அங்க வந்து சேர்றப்ப எல்லார் பையிலயும் வாழைப்பழம் கூழாத்தான் இருக்கும். அந்தக் கையைக் கொண்டுபோய் பஸ் சீட்டுலயே தடவிடுவாங்க. ரெண்டு போதும். மீதியைக் கீழ வைங்க."

டோனா ரெண்டைப் பிய்த்துக்கொண்டு சீப்பைப் புல்லில் வைத்தாள். விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்ததில் அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"திரும்பி வர்ற பஸ்ஸு நேரத்துக்கு வந்துடும்தானே? டிக்கெட் எடுத்துட்டேன். ரொட்டி ஃபேக்டரியில ராத்திரி ஷிஃப்ட் எனக்கு. நாளைக்கு ராத்திரி ஒன்பதுக்கு உள்ள நிக்கணும். ஏற்கெனவே ரெண்டு தடவை லேட்டு. மூணாவது தடவைன்னா அப்படியே வீட்டுக்குப் போயிடுன்னு சொல்லிட்டான் சூப்பர்வைசர்."

"அப்படி இருக்கறப்ப இதுக்கு ஏம்மா வந்தீங்க?"

"ஒன்பது வருஷமா எனக்கு ராத்திரின்னா அடுப்புதான். வெளிய அது எப்படி இருக்கும்னு ஒரு தடவையாவது பாக்க வேணாமா?"

கிளைவ் ஒரு வாய் பீர் குடித்தார். கிண்டல் எதுவும் செய்யவில்லை.

"நியாயம்தான். பஸ்ஸைப் பத்திக் கவலையை விடுங்க. அதுக்கு நான் பொறுப்பு."

பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த செம்பட்டை முடி இளைஞனும் அவன் தோழியும் இதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

"எங்களுக்கும் ஏதாவது சொல்லுங்களேன்," என்றாள் அவள்.

"துண்டு இருக்கா? அதுதான் முக்கியம். கடல்ல குதிச்சிட்டு சொட்டச் சொட்ட வந்து பஸ்ல உக்காந்துடறாங்க. செவ்வாய்க்கிழமைகூட அந்த உப்பு வாடை போகாது. ஷூவை நல்லா உதறிட்டு ஏறுங்க. கூழாங்கல்லு சீட்டு இடுக்குல போச்சுன்னா எந்தக் குச்சி விட்டாலும் வராது."

"பஸ் மேல எவ்வளவு பாசம் பாரேன்," என்று சிரித்தபடி அவள் துண்டை எடுத்து மூட்டைக்கு மேலே வைத்தாள்.

இளைஞன் கேட்டான்: "வழியில மேடெல்லாம் எப்படி?"

"இருக்கும்."

"எந்த இடத்துல?"

கிளைவ் யோசித்தார். "வழியிலதான்."

டோனாவின் கண் அவருடைய சைக்கிள் மேல் போனது. கைப்பிடியில் கடையின் விலைச்சீட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"புதுசா?"

"வியாழக்கிழமை வாங்கினேன்."

"பழைய சைக்கிள் என்னாச்சு?"

"அது நான் ஸ்கூல் படிக்கறப்பவே திருடு போச்சு."

டோனா அவர் பக்கம் திரும்பினாள். "கிளைவ், டன்விச்சுக்கு நீங்க சைக்கிள்ல எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"சைக்கிள்லயா? இதுதான் முதல் தடவை."

பக்கத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த இருவரின் கைகளும் நின்றன.

"பின்ன, இத்தனை வருஷமா?"

"உங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வருதே ஒரு பஸ், அதுக்கு டிரைவர் நான்தாம்மா. காலை அகட்டி அகட்டி, பாதி உசுரோட வந்து ஏறுவாங்க. ஆனா ஒவ்வொருத்தர் மூஞ்சியிலயும் ஒரு சிரிப்பு இருக்கும். ராத்திரி நல்லாத் தூங்கி எந்திரிச்சு வர்ற என் மூஞ்சிதான் உர்ருனு இருக்கும். அது என்ன சிரிப்புன்னு பாத்துடலாம்னுதான் இந்த வருஷம் மிதிக்கறேன்."

டோனாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த ஆளே கிளம்பும்போது நமக்கு என்ன பயம் என்று தோன்றியது.

"நல்லா ஏமாத்தினீங்க போங்க. சரி, இந்த வருஷம் பஸ்ஸை யார் ஓட்டறாங்க?"

"நான்தான்."

"நீங்கதான் இங்க நிக்கறீங்களே?"

"பஸ்ஸை நேத்தே கொண்டுபோய் டன்விச்ல நிறுத்திட்டு ரயில் ஏறி வந்துட்டேன். விடிகாலைல போய்ச் சேந்துட்டா, மத்தியானம் வரைக்கும் பின் சீட்டுல நல்லாத் தூங்கிட்டு, அப்புறம் எடுத்துட வேண்டியதுதான்." கிளைவ் கால்சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து ஆட்டிக் காட்டினார்.

"இன்னொரு சாவி யார்கிட்ட இருக்கு?"

"இன்னொண்ணு எதுக்கும்மா? அதான் நானே வர்றேனே."

டோனா அவர் கையிலிருந்த பீரை வாங்கிப் புல்லில் ஊற்றினாள். குனிந்து வாழைப்பழச் சீப்பை எடுத்தாள். தன்னிடமிருந்த ரெண்டையும் அதோடு சேர்த்து, மொத்தத்தையும் அவர் பையில் திணித்தாள்.