மழை தங்காத வெட்டு

இலங்கைத் தோட்டத்தில், தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் கவ்வாத்து மலையில் வெயில் மெலிகிறது. டிக்கோயாப் பக்கமிருந்து மழை ஏறி வருகிறது. இரு நாட்டு ஒப்பந்தப்படி நாளைக் காலை ரயிலேறி, பிறகு கப்பலேறி, கண்டறியாத இந்தியாவுக்குப் போகவிருக்கும் லியனார்ட் தன் கடைசித் தேயிலைச் செடியின் முன் குனிந்திருக்கிறான். கழுத்துச் சிலுவை சட்டைக்கு வெளியே வந்து ஆட, கிளை ஒவ்வொன்றையும் சாய்த்து வெட்டுகிறான். வெட்டில் மழைநீர் தங்கினால் செடி அழுகிவிடும். தன் செடி நிரையைச் சாய்வு பார்க்காமல் அவசரமாக வெட்டி முடித்துவிட்ட அழகன் பக்கத்தில் நின்று சிரிக்கிறான். "போற மனுசன், தொரை செடிக்கு இம்புட்டு பாக்கணுமாப்பா?" லியனார்ட் நிமிரவில்லை. "தொரைக்கு இல்லப்பா. ஆண்டவரு என்னை நம்பி விட்டது. துளிர் வந்தா ஒன் வீட்டுக்காரிதானே கொழுந்து எடுக்கப்போறா." முதல் தூறல் வெட்டுவாயில் விழுந்து வழிந்தோடுகிறது. அழகன் அதையே பார்க்கிறான். பிறகு கத்தியைத் தீட்டிக்கொண்டு, தன் நிரையின் முதல் செடிக்குத் திரும்பி நடக்கிறான்.