சாவடி தாண்டிய பாடை

வாந்திபேதி பரவியதிலிருந்து பிரெஞ்சு எல்லையைத் தாண்டி இங்கிலீஷ்காரன் பக்கம் போக யாருக்கும் அனுமதியில்லை. பிரெஞ்சுப் பக்கத்துக் கிராமமான செலியமேட்டின் சுடுகாடு அந்தப் பக்கம் இருந்ததால், பிணம் தூக்கிப் போகிறவர்களுக்கு மட்டும் விலக்கு.

பாடை எல்லைச் சாவடிக்கு வந்ததும் போலீஸ்காரன் கையை நீட்டி மறித்தான்.

"சுடுகாட்டுக்குப் பொம்பள எதுக்கு?"

சிந்தாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்குப் புள்ள இல்ல. என் புருசனுக்கு நான்தான் கொள்ளி வெக்கணும்."

"வாந்திபேதியா?"

"கல்லீரல்ல கட்டி! நேத்து கட்டில்ல போட்டுத் தூக்கினு வந்து உன் கால்ல வுழலியா? எங்க ஆசுபத்திரி வாந்திபேதிக்காரங்களால ரொம்பிப்போச்சு, கடலூருக்குக் கொண்டுபோன்னாங்க. நீ முடியாதுன்னு வெரட்டுன. நோயாளிக்குச் சாத்துற வழியப் பொணத்துக்குத் தொறக்கிறீங்களே, நீங்கள்லாம் மனுசங்களாடா?"

அவன் பாடையைக் கைகாட்டினான். "துணிய விலக்கு. பாக்கணும்."

"பாருடா! நேத்து ஏறெடுத்துப் பாக்காத மூஞ்ச இன்னிக்கு நல்லாப் பாரு!"

துணியின் ஓரத்தை அவளே பிடித்தாள். போலீஸ்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூங்கில் தடுப்பைத் தூக்கினான்.

சவுக்குத் தோப்பு சாவடியை மறைத்ததும், பாடை சுடுகாட்டுப் பாதையை விட்டுக் கடலூர் ரோட்டில் திரும்பியது. மரத்தடியில் இறக்கினார்கள். சிந்தாமணி குனிந்து துணியை விலக்கினாள்.

"நல்லா மூச்சு வுடுய்யா. தாண்டியாச்சு."

தேவநாதன் மஞ்சள் பூத்த கண்களைத் திறந்தான். "இன்னாமா நடிச்சடி!"

அவள் துணியைச் சுருட்டி அவன் தலைக்கு அடியில் வைத்தாள்.

"பொணம்னு சொன்னதுதான்யா நடிப்பு. திட்டுனது அத்தனையும் நெசம்."