இமை எண்ணும் லென்ஸ்

“க்ளிக்குன்னு சத்தமே வரக்கூடாது. எடுக்கறது யாருக்கும் தெரியவும் கூடாது. அந்த மாதிரி கேமரா இருக்கா?”

வெள்ளைச் சட்டைக்காரர் குரலைத் தணித்துக் கேட்டார். மடிப்புக்கூடக் கலையாத புத்தம்புதுச் சட்டை. கேட்ட கையோடு சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தார். பத்து இருபது.

கவுண்டரில் நின்ற பிக்சலுக்குள் மணி அடித்தது. ஆள் துப்பறிகிறவரோ?

இருபது வருஷமாகக் கேமரா விற்கிறவர். எந்தப் படத்தைக் காட்டினாலும் அதில் இருப்பது யார் என்று பார்க்கமாட்டார். நேராகப் பெரிதாக்கிப் புள்ளி புள்ளியாகத் துல்லியம் பார்ப்பார். அதனால் கடையில் அவருக்கு வைத்த பெயர் பிக்சல்.

“தொழிலுக்கா சார்?”

“தொழிலுக்குத்தான்.”

“நீங்க கல்யாண போட்டோகிராபர் இல்லையே?”

“நானா? ஒரு போட்டோ நேரா எடுக்கத் தெரியாதுங்க.”

“நல்லதாப் போச்சு. அவங்க பேரம் பேசியே உசுரை வாங்குவாங்க. போன மாசம் அப்படி ஒருத்தன் வீட்லேர்ந்து என் பொண்ணைக் கேட்டு போன் வந்தது. ‘கேமரா விப்பேன், பொண்ணு தரமாட்டேன்’னு பட்டுன்னு வெச்சுட்டேன். முகத்தைக்கூடப் பார்க்கல.”

“போன்ல எப்படிங்க முகம் தெரியும்?”

பிக்சல் சிரித்துவிட்டு இரண்டு மிரர்லெஸ் கேமராக்களை எடுத்து வைத்தார். “இதுல உள்ளே கண்ணாடி ஏறி இறங்கற வேலையே இல்ல. பக்கத்துல நிக்கறவனுக்கே கேக்காது. இது கைக்கு அடக்கம். இது ஃபுல் ஃப்ரேம், இருட்டுலயும் பளிச்சுன்னு எடுக்கும்.”

“பெருசே குடுங்க.”

“அதைவிட லென்ஸ்தான் சார் முக்கியம். கேமரா ரெண்டு வருஷத்துல பழசாயிடும். நல்ல லென்ஸ் கட்டிக்கிட்ட பொண்டாட்டி மாதிரி, கடைசிவரைக்கும் கூட வரும்.”

“அப்ப பார்த்துத்தான் சேர்த்து வைக்கணும்.”

மேல்தட்டில் நானூறு மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்று எட்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ‘கண்டிப்பா போகும்’ என்று அடித்துச் சொல்லி அதை வரவழைத்தவர் பிக்சல்தான். ‘இன்னைக்குள்ள அது போகலைன்னா நீங்க கோடவுனுக்குப் போயிடுங்க’ என்று முதலாளி காலையில்தான் சொல்லியிருந்தார்.

பிக்சல் ஏணியில் ஏறி அதை இறக்கினார். “வாங்க, வாசல்ல வெச்சுப் பார்க்கலாம்.”

“இருங்க, அந்த எண்பத்தஞ்சு மில்லிமீட்டர் லென்ஸைக் காட்டவே இல்லையே?”

காட்டினார். மறுபடி வாசல் பக்கம் திரும்பினால், ஃபில்டர் எது நல்லது என்று ஒரு கேள்வி. அதற்கும் பதில் சொல்லித் திரும்பினால் பேட்டரி எத்தனை வேண்டும், பை எந்த அளவு. பிக்சல் கண்ணாடிக் கதவை நெருங்கும்போதெல்லாம் மனிதர் ஏதாவது கேட்டு இழுத்துப் பிடித்தார். கண் மட்டும் கடிகாரத்தில்.

பிக்சல் குனிந்து கிசுகிசுத்தார். “புரியுது சார். எதிர்ல ரிஜிஸ்டர் ஆபீஸ், ஊருக்கே ஒண்ணுதான். வீட்டுக்குத் தெரியாம கட்டிக்கற ஜோடியெல்லாம் அங்கதான் வரும். யாரையோ பிடிக்க வந்திருக்கீங்க. யார் வீட்டுப் பொண்ணு?”

“நம்ம வீட்டுப் பொண்ணுதான்.”

பிக்சல் உச்சுக்கொட்டினார். “பெத்தவன் கண்ணைத் திறந்து வெச்சிருக்கணும் சார். என் பொண்ணு இந்த நிமிஷம் எங்க இருக்கா? கம்ப்யூட்டர் கிளாஸ்ல. பன்னெண்டுக்கு முடியும். எல்லாம் என் விரல் நுனியில.”

வெள்ளைச் சட்டைக்காரரின் போன் ஒரு தடவை அதிர்ந்து அடங்கியது. மணி பதினொன்று ஐந்து.

“இப்ப வாசலுக்குப் போலாங்க” என்றார். சட்டைப் பையிலிருந்து தன்னுடைய மெமரி கார்டை எடுத்துக் கேமராவில் போட்டார்.

அகலமான தெரு. பஸ்களுக்கும் லாரிகளுக்கும் அப்பால், ஆபீஸ் படியில் பூங்கொத்தோடு ஒரு ஜோடி. வெறுங்கண்ணுக்கு இரண்டு நிறப் பொட்டுகள், அவ்வளவுதான்.

“பொண்ணு பக்கம் திருப்புங்க. கண்ணைக் கேமராவே ஃபோகஸ் பண்ணிக்கும். நீங்க சும்மா அமுக்குங்க” என்று பிக்சல் லென்ஸைக் கீழிருந்து தாங்கிக்கொண்டார். சத்தமே இல்லாமல் பத்துப் படம் விழுந்தது.

“எப்படி வந்திருக்கு? நீங்களே பார்த்துச் சொல்லுங்க.”

உள்ளே வந்து கேமராவை வாங்கிய பிக்சல், படம் திரையில் முழுசாக வருமுன்பே பழக்கதோஷத்தில் பெரிதாக்கும் பொத்தானை அமுக்கினார். திரை நிறைய ஒரே ஒரு கண்.

“அடடா! இமை முடியை ஒவ்வொண்ணா எண்ணலாம் சார்! கண்ல தண்ணி நிக்கறதுகூடத் தெரியுது. பாருங்க, அந்தத் தண்ணியில நம்ம கடை போர்டு! பொண்ணு நேரா இங்கதான் பார்த்துக்கிட்டிருக்கா.”

“பெத்தவர் பார்த்தா அடையாளம் தெரியுமில்ல?”

“இதைப் பார்த்தும் தெரியலைன்னா அவன் பெத்தவனே இல்ல சார்!”

“கேமரா, லென்ஸ் ரெண்டையும் எடுத்துக்கறேன்.”

பணம் கட்டி முடிந்தது. முதலாளி தன் அறையிலிருந்தே கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். கோடவுன் தப்பியது. பிக்சல் உற்சாகமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார்.

“பில் யார் பேர்ல சார்?”

“அதுக்கு முன்னாடி, அந்தப் படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கி முழுசா ஒரு தடவை பாருங்களேன்.”

பிக்சல் கேமராவின் சக்கரத்தைத் திருப்பினார். கண் சுருங்கியது. புருவம் வந்தது, நெற்றி வந்தது, காலையில் ‘கிளாஸுக்கு லேட்டாச்சுப்பா’ என்று ஓடிய முகம் முழுசாக வந்தது. கீபோர்டின் மேல் இருந்த விரல் நுனிகள் அப்படியே நின்றன.

வெள்ளைச் சட்டைக்காரர் கைகூப்பினார்.

“பில்லை உங்க மாப்பிள்ளை பேர்ல போடுங்க, சம்பந்தி.”