காற்றே இல்லாத ஏரி

என் சகலை சொன்ன கதை இது. பல வருஷமாக இதை நான் முழுசாக நம்பியதில்லை. அவர் பொய் சொல்கிற ஆளில்லை. அதனாலேயே சந்தேகம்.

ஒரு நாள் காலை அவர் தன் ஆபீஸ் நடத்தும் ஏரிக்கரைக் கூடார முகாமுக்குப் போனது, அதன் மேனேஜரை வேலையை விட்டு அனுப்ப. கையில் ஃபைல். அதற்குள், முகாமின் இணையப் பக்கத்தில் வந்திருந்த நாற்பத்தியொரு புகார்கள்.

காரை விட்டு இறங்கியதுமே முதல் புகார் காற்றில் பறந்தது. மேனேஜர் துரத்திப் பிடித்து வந்து பவ்யமாக நீட்டினார்.

"நீங்களே படிங்க," என்றார் சகலை.

"'இந்த ஏரியில் காற்றே கிடையாது'ன்னு எழுதியிருக்கு சார்."

சகலையின் டை தோளுக்குப் பின்னால் விறைத்துக்கொண்டு நின்றது.

"அடுத்தது?"

"'கழிப்பறைப் பக்கம் தலைவைக்க முடியவில்லை.'"

சகலை போய்ப் பார்த்தார். தரையில் அவர் முகம் தெரிந்தது.

"'கூடாரத்துக்குள் முதலை வந்தது.'"

"இங்க முதலை இருக்கா?"

"ஆமை இருக்கு சார். அதுக்கும் வயசாயிடுச்சு."

அடுத்த தாளை மேனேஜர் இரண்டு தடவை பார்த்துவிட்டுத்தான் படித்தார். "'மேனேஜர் எல்லோரிடமும் எரிந்து விழுகிறார்.' பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன் சார். யாரையும் அதட்டினதுகூட இல்ல. முகாமுக்குள்ளயேதான் குடியிருக்கோம். வேலை போனா வீடும் போயிடும். பொண்ணு வேற பரீட்சைக்குப் படிச்சிட்டிருக்கா."

சகலை வருகைப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, புகார் எழுதியவர்களின் பெயர்களைத் தேடினார்.

முதலைப் புகார் எழுதியவர் ஒரு பல் டாக்டர் அம்மா. முதலை வந்த பிறகும் இருபத்திரண்டு வாரம் விடாமல் வந்திருந்தார். மற்ற நாற்பது பேரும் அதே கதைதான்.

"இந்த டாக்டர் இப்ப எங்க இருக்காங்க?"

மேனேஜர் ஏரிப் பக்கம் கை காட்டினார். ராட்சதப் பட்டம் ஒன்று இழுக்க, பலகை மேல் நின்றபடி, காற்றே இல்லாத ஏரியில் அம்பு மாதிரி போய்க்கொண்டிருந்தார் டாக்டர்.

விசில் ஊதிக் கரைக்கு வரவழைத்தார்கள். கூடவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் சொட்டச் சொட்ட வந்து நின்றார்கள். பட்டம் மட்டும் டாக்டரின் தலைக்கு மேல் முறுக்கிக்கொண்டு நின்றது.

"ஏம்மா, முதலை வந்த இடத்துக்கா வாரா வாரம் வர்றீங்க?"

டாக்டர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். "நல்ல இடம்னு சொன்னா ஊரே திரண்டு வந்துடும் சார். முன்னாடி ஒரு புண்ணியவான் புகழ்ந்து எழுதித் தொலைச்சார். அடுத்த வாரமே அறுநூறு கூடாரம். நாணல் பூரா மிதிபட்டு, நீர்க்கோழி முட்டையெல்லாம் நசுங்கிப் போச்சு. அதுலருந்துதான் ஏரியைக் காப்பாத்தணும்னு நாங்க எல்லாரும் சேர்ந்து திட்டி எழுதறோம்."

"ஏரியைக் காப்பாத்திட்டீங்க, சரி. அதனால இவர் வேலை போகுதே, தெரியுமா?"

கூட்டத்தில் அது ஒருத்தருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"இப்பவே மாத்தி எழுதிடறோம் சார். தங்கமான இடம், தங்கமான மனுஷன்னு..." என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"ஐயோ, வேண்டாம்மா!" மேனேஜர் பதறினார். "வேலை போனாப் போகட்டும். இப்பத்தான் நீர்க்கோழி திரும்பவும் முட்டை வெச்சிருக்கு."

சகலைக்குத் தலை சுற்றியது. உண்மையை எழுதினால் ஏரி போச்சு. எழுதாவிட்டால் மேனேஜர் கதி அதோகதி.

அந்த நேரம் பார்த்து டாக்டர், "ஒரு நிமிஷம் இதைப் பிடிங்க சார், முகம் துடைச்சுக்கறேன்," என்று பட்டத்தின் கைப்பிடியை அவரிடம் கொடுத்தார்.

பிடித்தார். அவ்வளவுதான். டை, ஷூ, கண்ணாடி சகிதமாக ஏரிக்குள் போய்விட்டார். கையை விட்டால் போதும் என்று கரையிலிருந்து எல்லோரும் கத்தினார்கள். அவர் விடவில்லை. எதிர்க்கரைச் சேற்றில்தான் போய் நின்றார்.

கரையோரமாகவே நடந்து திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது. செத்தோம் என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டு நின்றார்கள்.

வந்தவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "இன்னொரு தடவை பிடிக்கலாமா?"

சாயங்காலம் மேனேஜரின் உலர்ந்த சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு அறிக்கை எழுதினார்.

'நாற்பத்தியொரு புகார்களும் உண்மை. காற்று அறவே இல்லை. முதலை உண்டு. மேற்படி மேனேஜரை வேலையை விட்டு நீக்கினால் இந்த நரகத்திலிருந்து தப்பித்துவிடுவார். எனவே தண்டனையாக, ஓய்வு பெறும் நாள்வரை அவரை இங்கேயே வைத்திருக்கப் பரிந்துரைக்கிறேன்.'

தலைமை அலுவலகம் மறுவாரமே ஒப்புக்கொண்டது. "தண்டனை கொஞ்சம் கடுமைதான்," என்று மேலதிகாரி வருத்தப்பட்டாராம்.

இதைத்தான் என்னால் நம்ப முடியாமல் இருந்தது. முப்பது வருஷ சர்வீஸில் ஒரு பயணப்படி பில்லில்கூடப் பொய் எழுதாத மனுஷன், யாரோ ஒருவருக்காக இப்படியொரு பொய்யில் கையெழுத்துப் போடுவாரா? அவர் இடத்தில் நான் இருந்தால் போட்டிருப்பேனா என்றும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

போன மாதம் சகலை மேலேயே ஒரு மொட்டைக் கடிதம் போயிற்று. ஆபீஸில் தூங்குகிறார், யாரையும் மதிப்பதில்லை என்று நாலு பக்கம். விசாரணையில் அவர் ஒரு வார்த்தைகூட மறுக்கவில்லை. தண்டனையாக அதே ஏரிக்கரை முகாமுக்குத் தூக்கி அடித்துவிட்டார்கள்.

வீடே இழவு விழுந்த மாதிரி கிடந்தது. சகலை மட்டும் சீட்டி அடித்துக்கொண்டு பெட்டி கட்டினார். நீச்சல் உடை மட்டும் மூன்று செட். விலைச் சீட்டுகூட இன்னும் கிழிக்கவில்லை.

பெட்டியை மூடக் கை கொடுத்துக்கொண்டே, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்டேன்:

"சகலை, அந்த மொட்டைக் கடிதத்தை எழுதினது யாரு?"