கூடையில் வந்த புதுப்பொண்டாட்டி

சீனாவின் சாங்பாய் மலைக்காட்டில் காலை வெயில் இலை இலையாகச் சொட்டுகிறது. விலை உயர்ந்த மருந்தான ஜின்செங் வேர் தேடி மூன்று பேர் புதரை விலக்கிக்கொண்டு நடக்கிறார்கள். தேடும்போது பேசக் கூடாது. தடிகளில் கட்டிய செப்புக்காசுகள் மட்டும் கிணுகிணுக்கின்றன. அவர்களில் ஒருவனான பாவ்ஷானின் முதுகுக்கூடையில் ஒரு களைச்செடி தலையாட்டிக்கொண்டே வருகிறது. நேற்று அதன் சிவப்புப் பழத்தைப் பார்த்து ஜின்செங் என்று ஏமாந்து, "உலக்கை!" என்று கத்திவிட்டான். வேரைக் கண்டவன் அதன் பேரைச் சொல்லாமல் அப்படித்தான் கத்த வேண்டும். தப்பாகக் கத்தியவன் அந்தச் செடியை மலை இறங்கும்வரை சுமக்க வேண்டும். "புதுப்பொண்டாட்டிக்குக் கஞ்சி ஊத்தினியாடா?" என்று களையைக் காட்டி இன்று விடியும்போதே தலைவர் லுவான் ஆரம்பித்துவிட்டார். பத்து நாளாகியும் ஒரு வேர்கூட அகப்படவில்லை; நாளைக்கு வெறுங்கையோடு இறங்க வேண்டியதுதான். கூடையிலிருந்து களை நழுவி விழுகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்கக் குனிந்தவன் குனிந்தபடியே நிற்கிறான். பெரணிக்கு அடியில், ஒரு துண்டு வெயிலில், சிவப்புப் பழக்கொத்து. கொப்புகளை எண்ணுகிறான்; கொப்பு கூடக் கூட வேருக்கு வயதும் விலையும் கூடும். மறுபடியும் எண்ணுகிறான். இன்னொரு களையைச் சுமக்க அவன் மானத்தில் இடமில்லை. 

"உலக்கை!"

குருவிகள் சிதறிப் பறக்கின்றன.

"என்ன சரக்கு?" என்று லுவானின் குரல் வருகிறது.

"அஞ்சு கொப்பு!"

லுவான் ஓடிவந்து, வேர் மண்ணுக்குள் தப்பி ஓடிவிடும் என்ற நம்பிக்கையில் தண்டில் சிவப்பு நூலைக் கட்டுகிறார்.

"அண்ணே, இந்தக் களைச் சனியனை இனி எறிஞ்சிடலாமில்ல?"

"வழி காட்டினவளைக் கைவிடுவியா? ஒழுங்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ. அங்க இருக்கிற பழைய பொண்டாட்டிகிட்ட நான் பேசிக்கிறேன்."