கொடியில் கிடந்த சட்டை

கம்பாலாவில் எங்கள் இரும்புக் கம்பெனியில் ஒருவனை நிரந்தரமாக்கும் முன், சொன்ன இடத்தில்தான் குடியிருக்கிறானா என்று தெருவுக்கே போய் விசாரிப்பார்கள். அங்கே கதவு எண் கிடையாது. அக்கம்பக்கத்தார் சொல்வதுதான் சாட்சி. என்னோடு வெல்டிங் வேலை செய்யும் கசூலேவுக்காக, ஆபீஸிலிருந்து அந்த ஊர்ப் பாஷை தெரிந்த செல்வின் சார் விசாரிக்கப் போனார். துணைக்கு நான். கசூலேயின் பெயரைக் கேட்டதும் வாழைக்காய் விற்றவர் தெரியாது என்று தலையை ஆட்டினார். தையல்காரர் கேள்விப்பட்டதே இல்லை என்றார். துணி உலர்த்திக்கொண்டிருந்த பெண்ணும், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்றாள். ஃபைலும் பளபளக்கும் ஷூவுமாக வந்து பெயர் சொல்லிக் கேட்டால் அந்தத் தெருவுக்கு அது போலீஸ். தங்கள் பையனைக் காப்பாற்றுகிறார்கள்.

"என்னண்ணே, உங்க ஆளு அட்ரஸே டூப்பு போலிருக்கே." சார் பேனாவைத் திறந்தார்.

அவள் பின்னால் கொடியில் ஒரு சட்டை கிடந்தது. தோளில் பொறி பட்ட ஓட்டையை மஞ்சள் நூலால் தைத்திருந்தது. தினமும் என் பக்கத்தில் குனிகிற தோள்.

"எழுதாதீங்க சார். அது அவன் சட்டை."

"சட்டை வந்து சாட்சி சொல்லுமாண்ணே?"

அவர்கள் பாஷையில் 'வேலை' என்ற சொல் மட்டும் எனக்குத் தெரியும். அதைச் சொல்லி, என் சட்டைத் தோளில் இருந்த பொறி ஓட்டையை விரலால் காட்டினேன். அவள் என் தோளைப் பார்த்தாள். சாரின் ஷூவைப் பார்த்தாள். பிறகு அந்த ஈரச் சட்டையைக் கொடியிலிருந்து உருவி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எங்களிடம் நீட்டவா, உள்ளே கொண்டுபோய் ஒளிக்கவா என்று தெரியவில்லை. சாரின் பேனா காகிதத்துக்கு மேலேயே நின்றது.